குழந்தைக்கு முதலில் எது: 'ஃப்ளோ'வா, 'தி வைல்ட் ரோபோட்'டா?

விலங்குகளை வைத்து எடுத்த அனிமேஷன் படங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் 2024இல் வந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால்தான் விலங்குக் கதையை எத்தனை வேறுவிதமாகச் சொல்லலாம் என்று புரிகிறது. ஒன்று, லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ'. மற்றது, கிறிஸ் சாண்டர்ஸ் இயக்கிய 'தி வைல்ட் ரோபோட்'. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கருக்கு இரண்டுமே போட்டியிட்டன, 2025 மார்ச்சில் 'ஃப்ளோ' ஜெயித்தது. அதற்காகவே குழந்தைக்கு அதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

'வைல்ட் ரோபோட்' பேசுகிற படம். ஆளில்லாத தீவில் வந்து விழும் ரோபோ, அசையாமல் உட்கார்ந்து விலங்குகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வெறும் கத்தலாக இருந்தது மெல்ல மெல்லச் சொற்களாகிறது. விலங்குகள் ஏன் பேசுகின்றன என்பதற்கு இவ்வளவு அழகான காரணத்தை வேறு படத்தில் நான் பார்த்ததில்லை. அப்புறம் தன்னால் நசுங்கிய கூட்டில் மிஞ்சிய ஒரே முட்டையிலிருந்து வந்த வாத்துக் குஞ்சை அது வளர்க்கிறது. குளிர்காலம் வருவதற்குள் குஞ்சு நீந்தவும் பறக்கவும் கற்றாக வேண்டும். தன் குடும்பம் எப்படிப் போனது என்று குஞ்சுக்குத் தெரியவரும் இடம் கனமானது. ஆனால் கோபம், வருத்தம் எல்லாமே வாய்விட்டுச் சொல்லப்படுவதால் சின்னக் குழந்தையும் தொலைந்துபோகாமல் பின்தொடரும். கடைசிப் பகுதியில் சண்டையும் வெடிச்சத்தமும் கூடிப்போகின்றன. அந்த இரைச்சல் இல்லாமலே கதை நின்றிருக்கும்.

'ஃப்ளோ'வில் ஒரு வசனம்கூடக் கிடையாது. மனிதர்களும் இல்லை, அவர்கள் விட்டுப்போன வீடுகளும் சிலைகளும்தான். வெள்ளம் ஏற ஏற ஒரு பூனை, கேப்பிபாரா (எலி இனத்துப் பெரிய விலங்கு) ஒன்று ஏற்கெனவே இருக்கும் படகில் தாவுகிறது. நாய், குரங்கு போன்ற லெமூர், நீண்ட கால்கள் கொண்ட செக்ரட்டரி பறவை என்று ஒவ்வொன்றாக அதில் வந்து சேர்கின்றன. பறவை சுக்கான் பிடிக்கிறது, அது கற்பனைதான். ஆனால் பூனை முழுக்கப் பூனையாகவே இருக்கிறது. காது பின்னால் மடிவதிலிருந்தே அதன் பயம் தெரிந்துவிடும். தண்ணீரைக் கண்டு நடுங்கிய அதே பூனை, பிறகு தானே குதித்து மீன் பிடித்துவந்து படகில் போடுகிறது. 'நான் மாறிவிட்டேன்' என்று யாரும் சொல்வதில்லை. பார்க்கிற பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததும் அதை நம்மிடம் சொல்லாமல் இருக்காது. எனக்கு இந்தப் படம் ஒரு படி மேலே நிற்பது இதனால்தான்.

சத்தங்களும் நிஜ விலங்குகளுடையவை. கேப்பிபாராவின் சொந்தக் குரல் பொருந்தாததால் ஒட்டகக் குட்டியின் குரலை வைத்தார்களாம், அந்தச் சோம்பலான உடம்புக்கு அது அப்படியே ஒட்டிக்கொள்கிறது. செலவில் இரண்டுக்கும் எட்டாத தூரம். 'வைல்ட் ரோபோட்'டுக்கு சுமார் 7.8 கோடி டாலர். 'ஃப்ளோ' பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில், சுமார் 35 லட்சம் யூரோவில் முடிந்தது. ரோமம் இழை இழையாகத் தெரியாது, நிழல்கள் சில இடங்களில் முரடாக இருக்கும். குழந்தைகள் அதைக் கவனிப்பார்கள் என்று தோன்றவில்லை.

பயம் என்று பார்த்தால் 'ஃப்ளோ'தான் கடினம். பூனைக்காகப் பரிந்து நின்ற பறவையை அதன் கூட்டமே தாக்கி, சிறகை முடமாக்கிவிட்டுப் போகிறது. தேற்ற ஒரு சொல்லும் வராது. 2022இல் வந்த 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்' படத்திலும் பயம் உண்டு. சீட்டியடித்துக்கொண்டு வரும் அந்த ஓநாய் பெரியவர்களையே நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனால் அங்கே பயம் வந்ததும் பின்னாலேயே சிரிப்பும் வந்துவிடும், நடுங்கும் நாயகப் பூனையின் வயிற்றில் தலைசாய்த்து ஆற்றுகிற நாயும் உண்டு.

அதனால் ஐந்து, ஆறு வயதென்றால் முதலில் 'வைல்ட் ரோபோட்'. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தயங்காமல் 'ஃப்ளோ'. இன்னும் சின்னக் குழந்தையும் கூட இருக்கிறதென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். ஒன்று மட்டும்: 'ஃப்ளோ' முடிந்து பெயர்கள் ஓடும்போது அணைத்துவிடாதீர்கள். தண்ணீர் வடிந்தபின் தரையில் கிடக்கும் திமிங்கலம் போன்ற அந்தப் பெரிய உயிர் என்ன ஆயிற்று என்று பிள்ளை கட்டாயம் கேட்கும், அதற்கான பதில் பெயர்களுக்குப் பின் வரும் சின்னக் காட்சியில் இருக்கிறது.