அழுகிய வெளிப்புற மரவேலைகளைப் பழுதுபார்த்தல்: சில மழைக்காலங்களுக்குப் பின்னான அனுபவம்

ஹட்டனுக்கு அப்பால், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தாற்போல் இருக்கும் எங்கள் வீட்டின் வெளிப்புற மரவேலைகளில் அழுகிப் போயிருந்தவற்றை 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தோம். கூரை விளிம்பில் ஓடும் வேலன்ஸ் பலகை, முக்கோண முகப்பில் சரிந்து இறங்கும் பார்ஜ் பலகை, யன்னல் நிலைகளின் அடிக்கட்டை, நிலையைச் சுற்றியுள்ள பீடிங் என எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருந்தது. அதன்பின் வந்த தென்மேற்குப் பருவமழைகள் எல்லாம் அந்த வேலையைச் சோதித்துவிட்டன. ஆகவே எந்த முறை நின்றது, எது மீண்டும் கெட்டது என்பதை இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. மலையகத்தில் பழைய வீடுகளைக் காப்பாற்ற முயல்பவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

மரம் தானாக அழுகுவதில்லை. அதைத் தின்பது பூஞ்சணம். மரத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதத்தைத் தாண்டி நீடிக்கும்போது பூஞ்சணம் அதில் வேர்கொண்டு பரவுகிறது. 20 சதவீதத்துக்குக் கீழே மரம் உலர்ந்தே இருந்தால் அதனால் எதுவும் செய்ய இயலாது. மலைக்குளிர் இந்த வேலையைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. மே முதல் செப்டம்பர் வரை மழை ஓய்ந்த வேளையிலும் மூடுபனி வந்து மரத்தின்மேல் படிவதால், தாழ்நிலத்தில் ஒரே வெயிலில் காய்ந்துவிடும் பலகை இங்கே வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கிறது. எங்கள் வீட்டில் மழைக்காற்றுக்கு முகம் கொடுக்கும் மேற்குப் பக்கம் சிதைந்திருக்க, அதே மரத்தால், அதே காலத்தில் செய்யப்பட்ட கிழக்குப் பக்கம் ஏறத்தாழ முழுதாக இருந்ததற்கு வேறு காரணமில்லை.

வேலையைத் தொடங்கியபோது மேற்குப் பக்க யன்னல் ஒன்றின் அடிக்கட்டை வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரிந்தது. பெயின்ட் பளபளப்பாக இருந்தது. தச்சு பாஸ் ஒரு குத்தூசியை எடுத்து நிலையும் அடிக்கட்டையும் சேரும் மூலையில் அழுத்தினார். ஊசி பிடிவரை உள்ளே போனது. பெயின்டைச் சுரண்டியதும் முன்பு குடியிருந்தவர்கள் வாகனங்களுக்குப் பூசும் பொலியெஸ்டர் புட்டியால் அந்த மூலையை நிரப்பியிருந்தது தெரியவந்தது. புட்டி கல்லைப்போல் ஒரே கட்டியாகக் கழன்று வந்தது. அதற்குப் பின்னால் இருந்த மரம் கரும்பழுப்பாகி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சிறு சிறு சதுரங்களாகப் பிரிந்து, விரலால் நசுக்கினால் தூளாகும் நிலையில் இருந்தது. செல்லுலோசைத் தின்றுவிட்டு லிக்னினை மட்டும் விட்டுச்செல்லும் பழுப்பு அழுகலின் அடையாளம் இது. ஈரத்துக்கு ஏற்ப மரம் விரியும், சுருங்கும்; அந்தப் புட்டி அப்படி அசையாது. இரண்டுக்கும் இடையே மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. வெளிப்புற மரத்துக்கு அந்தப் புட்டியை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

“பலகை நடுவுல கெடாது டீச்சர், முனையிலதான் கெடும். முனைக்குப் பெயின்ட் குடுக்காம பலகைய மேல ஏத்தச் சொன்னா என்னால முடியாது” என்றார் பாஸ். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மரத்தின் நார்கள் தண்ணீரை மேலேற்றும் குழாய்களாக இருந்தவை. வெட்டுமுனையில் அவை திறந்தே கிடப்பதால், பலகையின் பக்கவாட்டைவிட முனை பன்மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சுகிறது. நாங்கள் கழற்றிய ஒவ்வொரு பலகையிலும் அழுகல் தொடங்கியிருந்த இடம் முனை, இணைப்பு, ஆணித்துளை ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருந்தது.

எப்போது செய்வது என்பது எதைக் கொண்டு செய்வது என்பதைவிட முக்கியமானது. எங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட வாரங்களே உகந்தவை. பண்டாரவளையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஊவாப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, ஆனால் நாங்கள் நனைந்துகொண்டிருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே கச்சான் காற்று வீசி மரத்தை நன்றாக உலர்த்திவிடும். ஒரே மலையகம் என்றாலும் மலையின் எந்தச் சரிவில் வீடு இருக்கிறது என்று பார்த்தே நாள் குறிக்க வேண்டும். அழுகிய பகுதியைச் செதுக்கி எடுத்தபின், மழை படாமல் மேலே தகரம் சாய்த்து, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு, மரத்தை உலரவிட்டோம். பொலித்தீனால் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய ஈரப்பத அளவி 20க்குக் கீழே காட்டிய பின்னரே அடுத்த வேலைக்குப் போனோம்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விடயங்கள். பழைய வீடுகளின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் காற்றில் பரவும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பேராபத்து. நனைத்து, சுரண்டி, விழுந்ததைத் துணியில் சேர்த்து அகற்றுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால், வேலன்ஸ் பலகையை நெம்பும்போது தகட்டின் விளிம்பு உடையாதபடி ஆணிகளை ஒவ்வொன்றாக அறுத்தோ பிடுங்கியோ எடுங்கள்.

உலர்ந்த மரத்துக்குப் போராக்ஸ் மூன்று பங்கும் போரிக் அமிலம் இரண்டு பங்கும் கலந்து வெந்நீரில் கரைத்த கரைசலைத் தூரிகையால் பலமுறை கொடுத்தோம். கரம் பலகைக்குப் போடும் தூள் என்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் போரிக் அமிலமே. மிச்சமிருக்கும் பூஞ்சணத்தை இது கொல்லும், பூச்சிக்கும் தடையாகும். ஆனால் நீரில் கரையும் பொருள் ஆதலால் மேலே பெயின்ட் இல்லாவிட்டால் மழை அதைக் கழுவிக் கொண்டுபோய்விடும். கரைசல் காய்ந்தபின் மரத்தின்மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உப்பைத் துடைத்தெடுக்காவிட்டால் அதன்மேல் எதுவும் சரியாக ஒட்டாது.

இனி எபொக்சி, அதாவது இரண்டு போத்தல்களில் வரும் திரவங்களைக் கலந்தால் இறுகிப்போகும் பிசின். கழற்ற முடியாத யன்னல் நிலைகளுக்கு இதைத்தான் பயன்படுத்தினோம். முதலில் தண்ணீரைப்போல் ஓடும் மெல்லிய எபொக்சியை, மென்மையாகிப் போயும் வடிவம் குலையாமல் இருந்த மரத்துக்குள் ஊறவிட்டோம்; அது இறுகிய பின் பசைபோன்ற எபொக்சியால் பள்ளத்தை நிரப்பினோம். குளிரூரில் இதற்கென்று சில கவனிப்புகள் தேவை. சாதாரண எபொக்சி 10 பாகை செல்சியசுக்கு அண்மையில் மிக மெதுவாகவே இறுகும்; நுவரெலியாவில் ஜனவரி இரவுகள் அதற்கும் கீழே போகும். எனவே காலை பத்து மணிக்கு முன்னர் கலவையைத் தொடவில்லை. இரண்டு போத்தல்களையும் இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் நிறுத்தி, தேன்போல இருந்தது இளகிய பின்னரே அளந்து கலந்தோம். மறுநாள் காலையில் இறுகிய மேற்பரப்பைத் தடவினால் மெழுகுபோல ஒரு வழுவழுப்பு கையில் ஒட்டும். குளிரிலும் ஈரக்காற்றிலும் இறுகும் எபொக்சியின்மேல் படியும் படலம் அது. உப்புத்தாள் போடுவதற்கு முன் அதை நீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புத்தாள் அதை மேலும் உள்ளே தேய்த்துவிடும், பெயின்ட் பின்னர் தோலாக உரிந்து வரும். வெயிலின் புறஊதாக் கதிர் எபொக்சியைச் சிதைப்பதால் அதைப் பெயின்ட் இல்லாமல் விடவும் கூடாது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின் பார்க்கும்போது, நிலையின் செங்குத்துப் பகுதிகளில் செய்த எபொக்சி ஒட்டுகள் எல்லாமே உறுதியாக நிற்கின்றன. தட்டினால் மரத்தின் ஓசைதான் வருகிறது. தண்ணீர் தங்கும் கிடைப்பகுதிகளில் நிலைமை வேறு. அகலமாக நிரப்பிய ஓர் அடிக்கட்டையில் ஓரமாகக் கோடு விழுந்துவிட்டது. பார்ஜ் பலகையின் கீழ்முனையில் வைத்த எபொக்சி விளிம்பில் பிரியத் தொடங்கியிருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு பள்ளத்துக்கு எபொக்சி நல்லது. அதற்கு மேல் போனால் மரத்துக்கு மரமே வைக்க வேண்டும் என்பது என் தீர்மானம்.

மரத்துக்கு மரம் வைத்த வேலைதான் எனக்கு முழு நிறைவைத் தந்தது. வேலன்ஸ் பலகையில் அழுகிய துண்டை, கெட்டுப்போனது தெரிந்த இடத்திலிருந்து மேலும் ஓரடி நல்ல மரம்வரை வெட்டி எடுத்தோம். வெட்டை நேராகப் போடாமல் 45 பாகைச் சாய்வாகப் போட்டு, இணைப்பின் மேற்புறத் துண்டு கீழ்த்துண்டின்மேல் படியும்படியும், வழியும் நீர் வெளிப்பக்கமே போகும்படியும் பாஸ் பொருத்தினார். மரம் பலா, அதிலும் மஞ்சள் பாய்ந்த வைரப் பகுதி மட்டும். ஓரத்து வெளிறிய மரத்தைக் கடையில் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அது எந்த மரத்திலும் நிலைக்காது. டர்பன்டைன் என்ற மரத்தின் பலகை விலை குறைவு, ஆனால் நன்றாகக் காயாததை ஏற்றினால் முறுக்கிக்கொள்ளும். புதிய துண்டின் ஆறு பக்கங்களுக்கும், முனைகளுக்கு இரண்டு முறையாகவும், தரையில் வைத்தே பிறைமர் அடித்துக் காய்ந்தபின்தான் மேலே ஏற்றினோம். ஏற்றும்போது அறுக்க நேர்ந்த இடங்களுக்கு ஏணியில் நின்றபடியே மறுபடி பிறைமர் கொடுக்கப்பட்டது. துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டோம். அந்தத் துண்டுகளில் ஒன்றுகூட இன்றுவரை கெடவில்லை.

அவை நிற்பதற்குப் பலகைக்கு மேலே செய்த சிறு வேலையும் காரணம். கூரைத் தகட்டின் அடியிலிருந்து பீலிக்குள் இறங்கும்படி வளைத்த ஒரு தகரப் பட்டையை வேலன்ஸ் பலகையின் மேல்விளிம்பில் ஓடவிட்டோம். அதற்கு முன்பு கூரை நீரில் ஒரு பகுதி பீலிக்குப் பின்னால் வழிந்து பலகையை ஊறவைத்துக்கொண்டிருந்தது. அதேபோல் புதிதாகச் செய்த அடிக்கட்டைகளை வெளிநோக்கிச் சரித்து, அவற்றின் அடிப்பக்கத்தில் சுவருக்குச் சற்று முன்னால் ஒரு காடி வெட்டினோம். வழிந்து வரும் நீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் சொட்டி விழுந்துவிடுகிறது. இந்த இரண்டு வேலைகளையும் விட்டுவிட்டு விலையுயர்ந்த பொருள்களை மட்டும் வாங்கிப் பூசுவது வீண் செலவு.

செலவைச் சொன்னால், 2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபின் இறக்குமதி எபொக்சியின் விலை பெரிதும் ஏறிவிட்டது. இன்று கணக்குப் பார்த்தால், பாஸின் கூலியையும் சேர்த்து, நடுத்தர அளவுத் துண்டுக்குப் பலாவே மலிவாக வரும். சீமெந்து நார்ப் பலகையை வேலன்ஸாகப் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அது அழுகாது என்பது உண்மை. முழுப் பக்கத்தையும் மாற்றுவதானால் நானும் அதையே யோசிப்பேன். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கைமர முனைகள் நனைந்துகொண்டே இருந்தால் முன்பலகை எதுவாக இருந்தும் பயனில்லை. எங்கள் வீட்டின் செதுக்கு விளிம்பு கொண்ட பார்ஜ் பலகைக்கு அது ஒத்தும் வராது.

பெயின்டைப் பொறுத்தவரை, மேற்குப் பக்கத்துக்கு ஒருமுறை அடித்த எனாமல் மூன்று மழைக்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. கிழக்கில் இன்னும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரலில், மழை பிடிக்கும் முன், பீலியில் விழுந்த யூக்கலிப்டஸ் இலைகளை அள்ளி எறிந்துவிட்டு, பாசியைக் கழுவி, எல்லா மூலைகளையும் குத்தூசியால் அழுத்திப் பார்க்கிறேன். வெடிப்பு தெரிந்த இடத்துக்கு மட்டும் உடனே தொட்டுப் பூசுவதால் முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்கும் செலவு தள்ளிப்போகிறது. பிரியத் தொடங்கியுள்ள பார்ஜ் பலகையின் கீழ்முனையை அடுத்த வறண்ட பருவத்தில் எபொக்சியோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, அங்கும் பலாத் துண்டையே வைக்கப் போகிறோம். அதற்கான பலகையை இப்போதே வாங்கி, இடையில் சட்டங்கள் வைத்து அடுக்கி, விறாந்தையில் உலரப் போட்டாயிற்று.