கண்ணாடிக் கதவில் ‘கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கர்’ என்று இருந்தால் மட்டும் போதாது

மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் வீட்டில் மனநல சிகிச்சையில் யாராவது இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். இந்தப் பக்கம் சோஷியல் ஒர்க்கர் என்று சொல்லி எங்களை ஏமாற்றிய ஒருவர் மேல் புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் ஆள் பெயரைப் போடவில்லை.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய். மாத்திரையில் குரல்கள் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் குளிக்க வேண்டும், வெளியே போக வேண்டும் என்ற நினைப்பே இல்லை. அம்மாவுக்கும் அவனுக்கும் தினமும் சண்டை. “மருந்து தன் வேலையைச் செய்யுது. உங்க எல்லாரோடயும் உட்கார்ந்து பேச ஒரு சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் வேணும், வீட்டுப் பக்கத்துலயே பாருங்க” என்றார் டாக்டர். கூகுள் மேப்பில் தேடியதும் முதலில் வந்தவர்தான் இவர்.

மாடியில் ஒரே அறை. கதவில் சோஷியல் ஒர்க்கர், சைக்கோதெரபி, ஹிப்னோதெரபி, கடைசியில் மெமரி பவர் பயிற்சி. சுவர் முழுக்கத் தங்க பார்டர் போட்ட சான்றிதழ்கள். கிட்டே போய்ப் படித்தால் ஒரு சான்றிதழ் இரண்டே நாள் நடந்த பயிலரங்கில் கலந்துகொண்டதற்கு, இன்னொன்று ஆன்லைன் டிப்ளமோ. நடுநாயகமாக ஒரு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், நிறுவனங்கள் நிர்வாகத் தரத்துக்காக வாங்குவது. தண்ணீர் கேன் கம்பெனிக்கும் அது இருக்கிறது. பதிவு எண் என்ன என்று கேட்டேன். “அதெல்லாம் டாக்டருங்களுக்குத்தான் மேடம்” என்றார்.

அது பொய். 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் என்றால் யார் என்று தெளிவாகவே சொல்கிறது. சமூகப்பணியில் முதுகலை முடித்து, அதற்கு மேல் இரண்டு வருடம் முழுநேர எம்.ஃபில். படித்திருக்க வேண்டும், அதில் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்த பயிற்சியும் இருக்க வேண்டும். இவர்களை மாநில மனநல ஆணையம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) மட்டும் முடித்துவிட்டு மனநல டாக்டரின் குழுவில் நன்றாக வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. இவரிடம் அதுவும் இல்லை.

பன்னிரண்டு சிட்டிங், ‘பேக்கேஜ்’ 18,000 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே. ஜிபே போனது வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு. ரசீது கேட்டதற்கு, “மெசேஜ் வந்திருக்கும்ல மேடம், அதான் ரசீது.”

சிட்டிங் என்பது, “உனக்கு வில்பவர் இல்லப்பா” என்று தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொல்வது. அவ்வளவுதான். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அவர் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை: “மாத்திரை மூளையை மந்தமாக்கிடும்மா. ராத்திரி மாத்திரையைப் பாதியா உடைச்சுக் குடுங்க, மீதியை கவுன்சிலிங்ல நான் பாத்துக்கறேன்.” அம்மா நம்பிவிட்டார். மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் பாதிப் பாதித் துண்டுகள் சேர்ந்திருந்ததை, தம்பி ராத்திரி தூங்காமல் பால்கனியில் நின்று யாருக்கோ பதில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பார்த்தேன். டாக்டர் பழைய அளவையே திரும்பத் தொடங்கி, அவன் தேறி வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எம்.ஃபில். முடித்த சோஷியல் ஒர்க்கருக்கே மாத்திரையை எழுதவோ குறைக்கவோ அதிகாரம் கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

நடுவில் ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கித் தருகிறேன், “உள்ள ஆள் இருக்கு, ஏழாயிரம் ஆகும்” என்றும் கேட்டார். யு.டி.ஐ.டி. என்கிற அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நாமே போடலாம். பரிசோதனை அரசு மருத்துவமனையில் நடக்கும்.

மீதிப் பணத்தைக் கேட்டபோதுதான் ஆளின் நிஜ முகம் தெரிந்தது. முதலில் “பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது.” விடாமல் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, “தம்பி மேட்டர் அபார்ட்மென்ட்ல தெரிஞ்சா உங்களுக்குத்தானே கஷ்டம்?” பயந்துவிடாதீர்கள். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கச் சொல்வது நோயாளியின் உரிமை, அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு. போனிலும் அந்த ஆள் அதே மிரட்டலைச் சொன்னார். அந்த ரெக்கார்டிங்கும் எங்கள் புகாரோடு போயிருக்கிறது.

இப்போது கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவுக்குப் போகிறோம். கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும். ஆனால் காசு கட்ட வேண்டியதில்லை. அங்கே இருக்கும் சோஷியல் ஒர்க்கர் முதல் நாள் தம்பியிடம் கேட்ட கேள்வி, “காலையில எழுந்ததும் உனக்கு எது செய்யப் பிடிக்கும்?” பால் வாங்கப் போவேன் என்றான். அதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மற்றதை அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். அம்மாவிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார், அதில் பாதி நேரம் அம்மா பேசியதைக் கேட்டார். தனியாரில்தான் வேண்டும் என்றால் அண்ணா நகரில் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் மாதிரி பல வருடமாக இருக்கும் இடத்தில் விசாரியுங்கள், இல்லை உங்கள் மனநல டாக்டரிடமே பெயர் கேளுங்கள். அவசரமாகப் பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இந்த ஆளிடம் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. எங்களோடு சேர்ந்து கொடுக்க விருப்பம் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.