சென்டினல்-1 ரேடார் தரவு: மூன்று கோடைகளின் கணக்கு

அலாஸ்காவின் வடக்குச் சரிவில், பெர்மாஃப்ராஸ்டுக்கு (வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் நிலத்துக்கு) மேலே ஒரு மண்படலம் இருக்கிறது. கோடையில் இளகும், குளிரில் உறையும். அது எவ்வளவு எழுந்து தாழ்கிறது என்று பார்க்க மூன்று வருடமாக சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளின் தரவைத்தான் நம்பியிருக்கிறேன். ஐரோப்பிய விண்வெளி முகமை 2014-இல் இந்த வரிசையின் முதல் செயற்கைக்கோளை ஏவியது. தரவு முற்றிலும் இலவசம். ஆனால் ஒவ்வொரு கோப்பும் பல ஜிபி. வன்தட்டு வாங்கும் செலவை யாரும் சொல்வதில்லை.

நில அமுங்கலை அளப்பதற்கு ஐந்தில் 4 நட்சத்திரம் தயங்காமல் கொடுப்பேன். துருவப் பக்கம் குளிர்காலத்தில் இருட்டு, கோடையில் மேகம். ரேடாருக்கு இரண்டும் ஒரு பொருட்டில்லை. மண்ணிலுள்ள நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரியும். இளகும்போது நிலம் சில சென்டிமீட்டர் இறங்கும். 12 நாள் இடைவெளிப் படங்களைச் சங்கிலியாகக் கோத்தால் அந்த இறக்கம் வண்ணப் பட்டைகளாக வந்து நிற்கும். அலைநீளம் 5.5 செ.மீ., ஒரு முழுப் பட்டை என்பது அதில் பாதியளவு நில அசைவு. ஒன்று மட்டும்: கிடைப்பது ஒப்பீட்டு அளவுதான். அசையாத இடம் ஒன்று வேண்டும்; நான் ஆற்றோரச் சரளைத் திட்டுகளைப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறேன்.

மண் ஈரத்தை அளப்பதற்கு இரண்டரை நட்சத்திரம்தான். ரேடார் எதிரொலியின் வலு மண்ணின் மின்கடத்தா மாறிலி என்ற எண்ணையும் பொறுத்தது; நீருக்கு அது 80-ஐ ஒட்டியது, பனிக்கட்டிக்கு 3 சொச்சம். அதனால் மண் உறைந்ததும் எதிரொலி சட்டென்று விழும். உறைந்த வாரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எவ்வளவு ஈரம் என்று கேட்டால்தான் பாசி, கோரை, குட்டைப் புதர், மேட்டுப்பள்ளம் எல்லாம் சேர்ந்து குழப்பும்.

அப்புறம் நில அசைவும் ஈரமும் ஒன்றோடொன்று கலந்துகொள்ளும். முதல் கோடையில், நிலம் திடீரென நகர்ந்ததாகக் காட்டிய படத்தைப் பெருமையாக ஆய்வு வழிகாட்டி ஐயாவிடம் நீட்டினேன்.

“அன்னைக்கு மழையாப்பா?” என்றார்.

வானிலைப் பதிவைப் பார்த்தேன். முந்தின நாள் மழை. நிலம் நகரவே இல்லை, ஈரம்தான் அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் அலை திரும்பி வருகிறது என்பதை) மாற்றியிருக்கிறது. இரண்டு மாத வேலை போச்சு.

2025 ஜூலையில் விண்ணுக்குப் போன நைசார் என்ற நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளின் எல்-பேண்ட் அலை 24 செ.மீ. நீளம், புதரை ஊடுருவுவதில் சென்டினலைவிடத் தேவலை. ஆனால் அதற்கும் மழைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காரப்போகிறேன்.