உடல் பருமன் அறுவைச் சிகிச்சைத் தொகுப்பு: அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு பற்றிய மதிப்புரை

மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் அக்காவுக்கு ஸ்லீவ் எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவை நடந்தது. மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. விசாரித்த வரையில், நான் சொல்லப்போகும் குறை அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று.

அறுவையைப் பற்றிச் சொல்லக் குறை ஏதுமில்லை. அன்று மாலையே எழுந்து நடக்க வைத்தார்கள், செவிலியர்கள் பொறுமையாகக் கவனித்தார்கள், பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுப்பதே இதற்காகத்தான்.

அறுவைக்கு முன் நடந்த ஆலோசனையில் "அறுபது, எழுபது சதவீதம் குறையும்" என்றார்கள். எதில் அறுபது சதவீதம் என்பதை யாரும் விளக்கவில்லை. அந்தக் கணக்கு மொத்த எடைக்கு உரியதன்று, மிகை எடைக்கு உரியது. அக்காவின் உயரம் 160 செ.மீ., அறுவைக்கு முன் எடை 112 கிலோ. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு (BMI) 25 என்ற அளவுக்கு 64 கிலோ இருக்க வேண்டும் என்பதால் மிகை எடை 48 கிலோ. ஒன்றரை ஆண்டு கழித்து அவர் 92 கிலோவில் நின்றுவிட்டார். அவர் இழந்த எடை 20 கிலோ, அதாவது மிகை எடையில் ஏறத்தாழ 42 சதவீதம். 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதிய பலன் இல்லை என்றே இத்துறையில் பரவலாகக் கொள்கிறார்கள்.

இப்படி ஆவது அரிதும் அல்ல. பின்லாந்தில் 240 பேரிடம் நடந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வில், 5 ஆண்டுகளின் முடிவில் ஸ்லீவ் செய்தவர்கள் சராசரியாக மிகை எடையில் 49 சதவீதமும் பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் அறுவை) செய்தவர்கள் 57 சதவீதமும் குறைந்திருந்தனர். சராசரியே அவ்வளவு என்றால், அதற்கும் கீழே நிற்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், அக்கா தன்னைத் தானே நொந்துகொண்டிருக்க மாட்டார்.

எடை இறங்காமல் நின்றதும் அங்கே கிடைத்த பதில், "நீங்கள் வாயைக் கட்டவில்லை" என்பதுதான். ஒரு பரிசோதனையும் எழுதவில்லை. முதலில் இருந்த உணவு ஆலோசகர் வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர் அதே அச்சிட்ட தாளை மீண்டும் நீட்டினார். அதில் ஓட்ஸும் ப்ரோக்கோலியும் அவகாடோவும் இருந்தன. இட்லி, சாம்பார், சுண்டல், முட்டை எதுவும் இல்லை. அக்கா அதன்பின் அங்கே போகவே மறுத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு நோயாளி சிகிச்சையிலிருந்தே விலகிப் போகிறார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பிறகு வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். அங்கிருந்த உணவு ஆலோசகர் காலை முதல் இரவு வரை என்னென்ன உள்ளே போகிறது என்று கேட்டு, எந்த டம்ளரில் காபி குடிக்கிறார் என்பது வரை எழுதிக்கொண்டார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. இரைப்பை குறுகியபின் கறியும் கெட்டியான சோறும் நெஞ்சில் அடைத்தன. ஆகவே அக்கா தன்னையறியாமலே, டீயில் நனைத்த பிஸ்கட், பாயசம், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட காபி என்று வழுக்கிக்கொண்டு இறங்குபவற்றுக்கு மாறியிருந்தார். இவை வயிற்றை நிரப்பாமலே கலோரியை ஏற்றிவிடும். நாளொன்றுக்கு 60 கிராமாவது தேவைப்படும் புரதமோ பாதிகூடச் சேரவில்லை.

குற்றம் முழுவதும் உணவில் இல்லை. எண்டோஸ்கோபியிலும் பேரியம் எக்ஸ்ரேயிலும், இரைப்பையின் மேற்பகுதி போதிய அளவு அகற்றப்படாமல் பை போலத் தங்கியிருப்பது தெரிந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்தப் பகுதியில்தான். இதற்கு மேல் எவ்வளவு வாயைக் கட்டினாலும் பசி அடங்குமா? போதாக்குறைக்கு, சர்க்கரை நோய்க்காக அவர் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் எடையை ஏற்றக்கூடியது. அதன் அளவையும் முதல் மருத்துவமனையில் யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை.

இப்போது உணவு மாற்றத்துடன், 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த, பசியையும் எடையையும் குறைக்கும் டிர்செபடைட் வார ஊசியும் தொடர்கிறது. அது போதாவிட்டால் ஸ்லீவை பைபாஸாக மாற்றும் மறு அறுவையைப் பற்றி யோசிக்கலாம் என்றிருக்கிறார்கள். அதற்கு முதல் அறுவையின் விரிவான குறிப்பு வேண்டும்: இரைப்பையை எந்த அளவுக் குழாயை வைத்து வெட்டினார்கள், தையல் எங்கே தொடங்கியது என்பன போன்ற விவரங்கள். எங்களிடம் இருந்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் "அறுவை சிக்கலின்றி முடிந்தது" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. பதிவேட்டுப் பிரிவில் கேட்டபோதெல்லாம் தட்டிக்கழித்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேட்ட பின்புதான் கிடைத்தது. இந்த அறுவைக்குப் போகிறவர்கள் அந்தக் குறிப்பை டிஸ்சார்ஜ் நாளிலேயே கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.