பழைய ஆர்எக்ஸை டர்ட் பைக்காக மாற்றக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு பென்சில் எடுங்கள்

என் வண்டியில் இப்போது இருக்கும் என்ஜின் என்னுடையது இல்லை. அதில் அடித்திருக்கும் நம்பர் மட்டும்தான் என்னுடையது. இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி அப்பா 1987-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100. எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். அப்பா கொப்பரை வியாபாரம் பார்த்தவர். அந்த வண்டியின் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு அவர் போகாத தோப்பு கிடையாது. நான் கியர் போடக் கற்றதும் அதில்தான். அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு வண்டி மாட்டுக்கொட்டகையில் நின்றது. ஆனாலும் மாதம் ஒரு முறை உதைத்து ஸ்டார்ட் பண்ணிவிடுவார். ஆர்.சி.யும் 2022-இல் புதுப்பித்து, 2027 வரை உயிரோடு இருக்கிறது.

இந்த வண்டிக்கு ஏன் இத்தனை மவுசு என்று இளைய பிள்ளைகள் கேட்கலாம். எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985 நவம்பரில் இறக்கிய வண்டி, 1996-இல் நிறுத்திவிட்டார்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. டூ-ஸ்ட்ரோக் என்பதால் முறுக்கினால் சட்டென்று சீறும். தொடக்க கால வண்டிகளை ஜப்பானிலிருந்து வந்த உதிரிகளைக் கோத்துத்தான் கட்டினார்கள். அதனால் ‘ஜப்பான் கேஸ், ஜப்பான் கிராங்க், ஜப்பான் கார்புரேட்டர்’ என்று இன்றைக்கும் தனி விலை. கேஸ் என்றால் என்ஜினின் வெளிக்கூடு, நம்பர் அடித்திருப்பது அதில்தான். நன்றாக இருக்கும் முழு வண்டியே லட்சத்தைத் தாண்டுகிறது. உதிரி உதிரியாகப் பிரித்தால் அதற்கு மேலும் வரும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

எனக்கு அதை டர்ட் பைக்காக, அதாவது மண்ணிலும் மேட்டிலும் ஓட்டும் வண்டியாக மாற்ற ஆசை. கோயம்புத்தூர் வட்டாரத்தில் இந்தப் பைத்தியம் புதிதில்லை. செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கும் ஊர். மண் தடத்தில் ஆர்எக்ஸும் சுஸுகி ஷோகனும் புழுதி கிளப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ரோட்டில் ஓட்டும் எண்ணம் இல்லை. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்கிறது என்று தெரியும். எங்கள் தோப்புக்குள், வாய்க்கால் மேட்டில் ஓட்டிக்கொள்ளலாம், கழற்றும் சாமான்களைப் பத்திரமாக வைத்து, 2027-க்கு முன்னால் பழையபடி பூட்டிவிடலாம் என்பது திட்டம். அப்பா ஒரே வார்த்தை சொன்னார்: “என்னமோ பண்ணு, சாமான ஒண்ணு விடாம வாங்கிட்டு வா.”

அந்த வார்த்தையை நான் அப்படியே பட்டறைக்காரரிடம் சொன்னதுதான் தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

பட்டறை கோவையில். வாசலில் பட்டன் டயர் போட்ட நாலைந்து வண்டிகள், செல்போனில் நூறு வீடியோ. வயசு முப்பதுக்குள், தேன் ஒழுகப் பேசினார். “அண்ணா, சாமானப் பத்திக் கவலையே படாதீங்க. கழட்டறது அத்தனையும் மூட்டை கட்டி உங்க கையில குடுக்கறது என் பொறுப்பு.” பின்பக்க ஃப்ரேமை வெட்டிச் சுருக்குவது, உயரமான ஹேண்டில்பார், மேலே தூக்கிய சேம்பர் சைலன்சர், பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட், பிளாக்கில் கொஞ்சம் போர்ட்டிங் (சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளைத் தேய்த்துப் பெரிதாக்குவது), எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய், ஆறு வாரம் என்றார். 25,000 முன்பணம் கொடுத்தேன், பாதி பணம் கையில், பாதி ஜிபே. ஜாப் கார்டு கேட்டேன். “நம்மளுக்குள்ள எதுக்குங்ணா அதெல்லாம்” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். கொங்கு நாட்டில் ‘நம்மளுக்குள்ள’ என்ற சொல்லுக்கு மேல் பேச நமக்கு வாய் வராது.

ஆறு வாரம் ஐந்து மாதமானது. வெல்டர் ஊருக்குப் போய்விட்டார், லேத்தில் கரண்ட் இல்லை, சேம்பர் சென்னையிலிருந்து வரணும். இதெல்லாம் எல்லாப் பட்டறையிலும் கேட்கும் பாட்டுத்தான், இதை வைத்து யாரையும் திருடன் என்று சொல்ல மாட்டேன். தொகை 78,000 ஆனதையும் சொல்ல மாட்டேன். ஆசைப்பட்டவன் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நடுவில் இரண்டு தடவை நேரில் போனேன். இரண்டு தடவையும் ஃப்ரேம் மட்டும் இருந்தது. “என்ஜின் உள்ள இருக்குதுங்ணா, தூசி படக் கூடாதுன்னு.”

வண்டி வந்த அன்று ஒரு சாக்கு மூட்டையும் வந்தது. திண்ணையில் கொட்டி, அப்பாவும் நானும் எண்ணினோம். ஹெட்லைட், மீட்டர், சைடு பேனல் இரண்டு, பின் மட்கார்டு, சேலைக் கார்டு, ஆயில் டேங்க், பழைய சைலன்சர், வெட்டின ஃப்ரேம் துண்டு கூட இருந்தது. ஒரு நட்டு குறையவில்லை. அப்பாவுக்கே திருப்தி. பாக்கிப் பணத்தை அங்கேயே அனுப்பினேன். வண்டிக்குள்ளே இருப்பதை எண்ணிப் பார்க்கணும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஓட்டினபோது முதலிலேயே ஏதோ சரியில்லை. தோப்பு மண்ணில் உங்களுக்கு வேண்டியது கீழ் இழுவை. இது கீழே செத்துக் கிடந்தது, மேலே போய்த்தான் கத்தியது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை அளவுக்கு மேல் உயர்த்தினால் அப்படித்தான் ஆகும். சக்தி முழுக்க மேல் ஆர்.பி.எம்.முக்குப் போய்விடும். ரேஸ் தடத்துக்கு அது பரவாயில்லை, வாய்க்கால் மேட்டுக்கு ஆகாது. மூன்றாம் நாள், கிணற்று மேட்டைத் தாண்டும்போது ‘கீச்’ என்று ஒரு சத்தம், பின்சக்கரம் இறுகி, நானும் வண்டியும் வரப்பில் விழுந்தோம். பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

பொள்ளாச்சியில் அப்பா காலத்து மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். கடையை மகன் பார்க்கிறார், இவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டியைப் பார்த்ததும், “என்ன சாமி, நல்லா இருந்த வண்டிய இப்படி அறுத்து வெச்சிருக்கற?” என்றார். பிரிக்கச் சொன்னோம்.

முதல் குற்றம் கண்ணுக்கு நேராகவே இருந்தது. ஆர்எக்ஸில் ஆயில் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாக வரும். பட்டறையில் பம்பை எடுத்துவிட்டு, பெட்ரோலில் கலந்து ஊற்றச் சொல்லியிருந்தார்கள். அதில் தப்பில்லை, ரேஸ் வண்டிகளில் செய்வதுதான். ஆனால் ஆயில் வந்துகொண்டிருந்த அந்தச் சின்னத் துளையை முறையாக அடைக்க வேண்டும். இவர்கள் எம்-சீல் உருட்டி வைத்திருந்தார்கள். சூட்டில் அது உதிர்ந்து, அந்த வழியாகக் காற்று இழுத்து, கலவை வறண்டு, பிஸ்டன் வெந்துவிட்டது. ஒழுங்காக அடைத்திருந்தால் பத்து ரூபாய் வேலை.

அடுத்து பிஸ்டன். தலையில் கார்பனைத் துணியால் துடைத்தார் பெரியவர். ‘1.00’ என்று எழுத்து தெரிந்தது. ஆர்எக்ஸ் 100-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர். தேயத் தேயக் கால் மில்லி வீதம் பெரிதாக்கிக்கொண்டே போவோம்: 50.25, 50.50, 50.75, 51. ‘1.00’ என்றால் 51, கிட்டத்தட்ட முடிவு. எங்கள் வண்டியை அப்பா ஒரே ஒரு தடவைதான் போர் பண்ணினார், கால் மில்லி. பட்டறைக்காரர் என்னிடம் சொன்ன கணக்கோ ‘ரிங் மட்டும் புதுசு’. போர்ட்டின் விளிம்பைச் சாய்த்துத் தேய்க்காமல் கத்தி போல விட்டிருந்தார்கள். ரிங் அதில் உரசி உரசிச் சிதைந்திருந்தது.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “ஊட்ல பழைய இன்சூரன்ஸ் கடுதாசி ஏதாச்சும் இருக்குதா, பென்சில் தேச்சது?”

இருந்தது. அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார். 2009-இல் இன்சூரன்ஸ் விட்டுப்போய் மறுபடி எடுத்தபோது, ஆய்வுக்கு வந்தவர் சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். அதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார் அப்பா. பெரியவர் ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தை என்ஜின் நம்பர் மேல் வைத்து, தச்சர் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார். இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

எண்கள் அதே எண்கள்தான். ‘1எல்1’ என்று தொடங்குவதும் அப்படியே. ஆனால் பழைய தேய்ப்பில் எழுத்துகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல ஒரே மட்டம். ‘4’-இன் தலை திறந்திருந்தது. புதியதில் ‘4’-இன் தலை மூடியிருந்தது. ‘7’ கால் வழுக்கி அரை மில்லி கீழே நின்றது. எண்களுக்குப் பின்னால், பழையதில் இல்லாத மெல்லிய கோடுகள், சாய்வாக, நெருக்கமாக. அரம் போட்ட கோடுகள். பழைய நம்பரை ராவி எடுத்துவிட்டு என் நம்பரைக் கையால் அடித்திருக்கிறார்கள்.

போன் போட்டேன். மறுக்கவே இல்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை. “ஆமாங்ணா, உங்க கேஸ்ல விரிசல் இருந்துச்சு. வேற போட்டேன். நம்பர் மாறிப்போனா உங்களுக்குத்தான கஷ்டம்னு அடிச்சுக் குடுத்தேன்.” எனக்கு உபகாரம் செய்த குரல்! அந்த விரிசல் விட்ட கேஸ் எங்கே தம்பி என்றேன். “எடைக்குப் போட்டுட்டனுங்ணா.” ஹெட்லைட் ஸ்க்ரூவைக்கூட மூட்டை கட்டிக் கொடுத்த மனிதர், என்ஜின் கேஸை எடைக்குப் போட்டாராம். கிராங்க்? கார்புரேட்டர்? அதையெல்லாம் கேட்கும்போது லைன் போய்விட்டது. அதற்கு அப்புறம் எடுக்கவில்லை. ரெக்கார்ட் பண்ணாமல் விட்டது என் முட்டாள்தனம்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். நம்பர் ராவப்பட்ட என்ஜின் என் வீட்டில் இருக்கிறது. அந்தக் கேஸ் எந்த வண்டியிலிருந்து வந்ததோ, அது திருட்டு வண்டியோ, யாருக்குத் தெரியும்? 2027-இல் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்தினால் முதல் கேள்வி என்னைத்தான் கேட்பார். அதனால் நானே போய்ப் புகார் கொடுத்துவிட்டேன். காவல் நிலையத்தில் முதலில் சிரித்தார்கள்: “வண்டிய நீங்களே கொண்டுபோய்க் குடுத்தீங்க, வண்டியும் திரும்பி வந்துருச்சு, அப்புறம் என்ன திருட்டு?” இரண்டு பென்சில் தேய்ப்பையும் காட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கையில் கொடுத்த பணத்துக்கு ஆதாரம் இல்லை, ஜிபே பண்ணினதற்கு மட்டும் இருக்கிறது என்று வக்கீல் முதல் நாளே தலையில் அடித்துக்கொண்டார்.

கொடுக்கும் பில் தொகையில் ஏமாற்றுவார்கள் என்றுதான் நாமெல்லாம் பயப்படுகிறோம். பழைய டூ-ஸ்ட்ரோக்கில் ஆட்டம் அங்கே இல்லை. டர்ட் பைக்காக்குவது என்றால் வண்டியை முழுக்கப் பிரித்தே ஆக வேண்டும், திரும்பி வரும்போது எதுவுமே பழைய மாதிரி இருக்காது, அதனால் எது மாறியது என்று உங்களுக்கே அடையாளம் தெரியாது. இதைவிடத் தோதான மறைப்பு அவர்களுக்கு வேறு வேண்டுமா?

பெரியவர் சொன்ன ஒன்றை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது எனக்குத் தோன்றவே இல்லை. “ஃப்ரேம் வேலைக்கு என்ஜின் எதுக்கு சாமி? எறக்கி ஊட்ல வெச்சுட்டுப் போயிருக்கலாம்ல.” உண்மைதான். வெட்டுவது, வெல்டு வைப்பது, ஹேண்டில்பார், டயர் இதற்கெல்லாம் ஓடும் என்ஜின் தேவையே இல்லை. அளவு பார்க்க ஒரு காலி கேஸ் போதும், எந்தப் பட்டறையிலும் கிடக்கும். என்ஜின் வேலையைத் தனியாக, உங்கள் கண் முன்னால் ஒரே நாளில் பிரித்துப் பார்க்கிற ஆளிடம் கொடுங்கள். பிளாக்கைக் கழற்றியதும் பிஸ்டன் தலையில் உள்ள எண்ணைப் போட்டோ எடுங்கள். கேஸின் உள்பக்கம், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில், ஊசியால் உங்கள் எழுத்தைக் கீறி வையுங்கள். வெளியே கீறினால் பாலிஷ் போட்டு எடுத்துவிடுவார்கள். கொடுப்பதற்கு முதல் நாள் இரண்டு நம்பரையும் பென்சிலால் தேய்த்துத் தேதி போட்டு வையுங்கள், ஜாப் கார்டிலும் ஒன்றை ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட முகம் சுளிக்கிற இடத்தில் வண்டியை இறக்காதீர்கள், டீ கூடக் குடிக்காதீர்கள்.

சமீபத்தில் யாராவது கோவைப் பக்கம் ‘1987 ஜப்பான் கேஸ், பேப்பர் இல்லை’ என்று ஆர்எக்ஸ் என்ஜின் வாங்கியிருந்தால், நம்பர் மேல் ஒரு காகிதம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். முழு எண்ணை இங்கே போடவில்லை, போட்டால் நாளைக்கே இன்னொரு கேஸில் அதை அடித்துவிடுவார்கள். நிலையத்தில் கொடுத்திருக்கிறேன். ‘4’-இன் தலை திறந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்காது. நீங்கள் கொடுத்த பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். அப்பா இன்னும் மாதம் ஒரு முறை கொட்டகைக்குப் போய், கிக்கர் இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்.