படகு எஞ்சின் சூட்டைப் பார்க்க வெப்பமானி துப்பாக்கி: வாங்கலாமா?

கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அது வேறு இது வேறு. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும்தான், எஞ்சினுக்கு ஆகாது. தொழிற்சாலை வகை என்று கேட்டு வாங்க வேண்டும், ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. எங்கள் ஃபைபர் படகில் இருக்கும் 40 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்காக (படகின் பின்னால் வெளியே மாட்டுகிற எஞ்சின்) வாங்கினேன். அதில் சூடு ஏறினால் கத்துகிற அலாரம் எல்லாம் கிடையாது, பவர் இறங்கி வாசம் வந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

வாங்கலாம். ஆனால் சூடு எங்கே என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

துப்பாக்கியை எடுப்பதற்கு முன்னால் செலவில்லாத வேலை இரண்டு இருக்கிறது. பின்னால் தண்ணீர் பீச்சுகிற துளையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள், பல நேரம் உப்போ மணலோ அடைத்திருக்கும், எஞ்சினுக்கு ஒன்றும் இருக்காது. அப்புறம் கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடை. பாக் நீரிணைப் பக்கம் தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கடல் தாழையும் பிளாஸ்டிக் பையும் அங்கேதான் போய் ஒட்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் சூடு ஏறினால்தான் துப்பாக்கிக்கு வேலை. கடல் தண்ணீரிலேயே குளிர்கிற அவுட்போர்டுகளில் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற வால்வு) பெரும்பாலும் 50, 60 டிகிரியை ஒட்டித் திறந்துவிடும். கார் எஞ்சின் மாதிரி 90 வரை போக விட்டால் உள்ளே உப்பும் சுண்ணாம்பும் படிந்து வழியை அடைத்துவிடும், அதனால்தான் இவ்வளவு கீழே வைத்திருக்கிறார்கள். சிலிண்டர் தலை இரண்டையும் தனித்தனியே பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் தண்ணீர் வரத்தே குறைவு, தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்பின் ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர் மேல் சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் ஏறினால், முக்கியமாக மேலே இருப்பது, அந்தப் பக்கம் உப்பு அடைப்போ ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகடு) கசிவோ இருக்கலாம். தலை கொதிக்கிறது, தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வெளியேறும் வழி மட்டும் ஜில்லென்று இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. தண்ணீர் தெளித்து 'சுர்' என்கிறதா என்று பார்க்கும் பழைய வழியில் இந்த வித்தியாசம் பிடிபடவே பிடிபடாது, அது சுர் என்று சொல்லும்போது 100 டிகிரியைத் தாண்டியாச்சு.

இப்போது குறைகள். பெயின்ட் உரிந்து பளபளக்கிற அலுமினியத்தில் இது பச்சைப் பொய் சொல்லும், உள்ளதைவிட மிகவும் குறைவாகக் காட்டும். பளபளக்கிற உலோகம் தன் சூட்டைச் சரியாக வெளிவிடாது, சுற்றிலும் இருப்பதன் சூட்டைத்தான் திருப்பி அடிக்கும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பைக் குறி பார்த்தால் சரியாக வரும். சிவப்புப் புள்ளியை நம்பாதீர்கள், அது குறி பார்க்க மட்டும்தான். துப்பாக்கியில் 12:1 என்று போட்டிருந்தால் 12 அங்குலம் தள்ளி நின்று பார்க்கும்போது ஒரு அங்குல வட்டத்தின் சராசரியைத்தான் காட்டுகிறது, தள்ளிப் போகப் போக வட்டமும் பெரிதாகும். இன்னொன்று, மேல்மூடியைக் கழற்றி எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க முடியும், எஞ்சின் தலைமேல் இருக்கும் கனமான சக்கரம், ஃப்ளைவீல், திறந்து சுற்றிக்கொண்டிருக்கும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு குனியாதீர்கள்.

உப்புக் காற்றில் பேட்டரி முனை பச்சை பிடித்துவிடுகிறது. இறுக்கமான மூடி உள்ள டப்பாவில்தான் வைக்கிறேன், கடையில் கொடுக்கும் துணிப் பை கடலுக்கு உதவாது.

வாங்கியதும் எஞ்சின் நன்றாக இருக்கும்போதே டிரம்மில் தண்ணீர் நிரப்பி இறக்கி, பத்து நிமிடம் ஓடவிட்டு, எந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று மேல்மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது "ரொம்ப சூடாகுது அண்ணே" என்பதற்குப் பதில் "மேல் சிலிண்டர் 95, கீழே 62" என்று சொன்னால் அவர் எடுத்ததும் கேஸ்கட்டைப் பிரிப்பாரா இம்பெல்லரை மாற்றுவாரா என்ற பேச்சே வேறு மாதிரி போகும். கையில் இருப்பது ஆயிரம் ரூபாய்தான், ரப்பர் இம்பெல்லர் மாற்றி ரொம்ப நாள் ஆச்சு என்றால், முதலில் இம்பெல்லரை வாங்குங்கள், துப்பாக்கி அடுத்த மாதம் பார்க்கலாம்.