வைகாசியில் தூண்டில் எங்கே? தாமிரபரணி ஓடுநீர், காவிரிக் கதவணை, கொள்ளிட மடு: ஓர் ஒப்பீடு

அக்னி நட்சத்திரம் முடியும் தறுவாயில், அதாவது மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் முதல் பத்து நாள் வரையில், தமிழ்நாட்டு ஆறுகளில் தூண்டில் போட நினைப்பவருக்கு மூன்று வகை நீர் மிஞ்சுகிறது. முதலாவது, தாமிரபரணியின் அணைக்கட்டுகளுக்குக் கீழே கற்களின் மேல் சலசலத்து ஓடும் நீர். இரண்டாவது, மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே நீர்மின் கதவணைகள் தேக்கி வைத்திருக்கும் காவிரி. மூன்றாவது, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்குக் கீழே கொள்ளிடத்தில் மணலுக்கு நடுவே தனித்தனியாகத் தங்கிப்போன மடுக்கள். மூன்றிலும் மீன் உண்டு. ஆனால் மீன் இரை எடுக்கும் நேரம், அதைப் பிடிக்க வேண்டிய முறை, பிடிப்பதால் ஆற்றுக்கு ஏற்படும் இழப்பு ஆகியவை மூன்றிலும் வேறு வேறு. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை வைத்து முடிவு செய்வதே இந்தப் பருவத்துக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

நீர் சூடேறச் சூடேற அதில் ஆக்சிஜன் கரைவது குறையும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகவும், 35 டிகிரியில் 7-க்குச் சற்றுக் கீழாகவும் இறங்கிவிடும். அதே சமயம், சூடான நீரில் மீனின் உடல் இயக்கம் வேகமெடுப்பதால் அதற்கு வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. இதனுடன் பாசியின் பங்கும் சேர்கிறது. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசியும் நீர்த்தாவரங்களும் இரவில் அதை எடுத்துக்கொள்வதால், பச்சை பிடித்த தேங்கிய நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது விடியலுக்குச் சற்று முன்புதான். ‘விடியற்காலையில் போனால் மீன் கடிக்கும்’ என்ற பொது அறிவுரை ஓடுநீருக்கு முழுக்கப் பொருந்தும். பாசி படர்ந்த மடுவுக்குப் பொருந்தாது. அங்கே விடியலில் கெண்டைகள் வாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டித் திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பசியோடு மேய்வதாக அதைத் தவறாக எண்ணிப் பலர் தூண்டிலை வீசுகிறார்கள். மூச்சுக்குத் திணறும் மீன் இரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்றில் மிக எளிதானது கொள்ளிட மடு என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொள்ளிடம் வெள்ள நீரைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வடிகால் ஆறு. மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 ஆகையால், அதற்கு முந்தைய வாரங்களில் கொள்ளிடத்தின் பெரும்பகுதி வெறும் மணல் வெளியாகக் கிடக்கும். மழைக்காலத்தில் பரந்து திரிந்த மீன் எல்லாம் எஞ்சிய பள்ளங்களில் ஒடுங்கிவிடும். விரால், குரவை, தேளி ஆகியவை காற்றையும் சுவாசிக்கக்கூடியவை. நீர் கெட்டாலும் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போகும். அந்தக் குமிழி வெடிக்கும் இடத்தைக் கவனித்து, சற்றுத் தள்ளி இரையை இறக்கினால் விரால் கிடைக்கும் என்பது உண்மைதான். இடம் கண்டுபிடிக்க வேண்டாம், நீரோட்டம் புரிய வேண்டாம், பெரிய கருவியும் வேண்டாம்.

இருந்தும் இந்த இடத்தை நான் பரிந்துரைக்கவில்லை. கோடையில் வற்றும் கண்மாய்களில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஊரே இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துவதுபோல, மடுவிலும் பிடித்தால் என்ன என்று கேட்கலாம். கண்மாய் முழுவதும் வற்றிவிடும். பிடிக்காவிட்டால் மீன் சேற்றில் செத்துப்போகும். ஆற்று மடுவின் நிலை வேறு. அது வற்றாமல் தாக்குப்பிடித்தால், ஆனி, ஆடியில் நீர் வரும்போது ஆற்றின் பல மைல் தூரத்துக்கு மறுபடி மீனைப் பரப்பப் போவது அங்கே ஒதுங்கியிருக்கும் தாய்மீன்கள்தான். கெண்டை இனங்களில் பல இந்த வாரங்களில் சினை கட்டி, புதுவெள்ளத்துக்காகக் காத்திருக்கின்றன. மடுவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சினை மீனும், அந்தப் பகுதி ஆற்றின் அடுத்த தலைமுறையிலிருந்து எடுப்பதாகும். கோடை மழை ஒன்றிரண்டு பெய்துவிட்டால் விராலும் குஞ்சு பொரிக்கத் தொடங்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் ஒரு தட்டு அகலத்துக்குக் கூட்டமாக நீர்மட்டத்தில் துடித்துக்கொண்டே நகரும். அவற்றுக்கு அடியிலேயே தாயும் தந்தையும் காவலுக்கு வரும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையை விழச் செய்தால் பெரிய விரால் பாய்ந்து கவ்வும். அது பசியால் பாய்வதில்லை, குஞ்சைக் காக்கப் பாய்கிறது. அந்த விராலைக் கரையேற்றியதும் குஞ்சுகளுக்குக் காவல் இல்லாமல் போகிறது. கெளுத்தியும் கொக்கும் மிச்சம் வைப்பதில்லை. திறமையான பிடிப்பு என்று பாராட்டப்படும் இந்த முறையை அடியோடு கைவிட வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

பாதுகாப்பும் சேர்த்து எண்ண வேண்டிய ஒன்று. மணல் அள்ளிய குழிகள் முழங்கால் ஆழத்திலிருந்து திடீரென ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்கு இறங்கும். மேலே பார்த்தால் ஒரே மட்டமாகத் தெரியும். அணைக்கரை என்னும் ஊரின் பக்கத்துக் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. நீர் குறையும்போது மீன் ஒதுங்கும் பள்ளத்துக்கே அவையும் ஒதுங்கும். அங்கே நீரில் கால் வைத்து நின்று தூண்டில் போடவே கூடாது.

அடுத்தது கதவணைத் தேக்கம். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை போன்ற கதவணைகள் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டவை என்பதால், குடிநீருக்கு மட்டும் மேட்டூரிலிருந்து நீர் வரும் மாதங்களிலும் அவற்றுக்குப் பின்னால் காவிரி அகன்று நிறைந்திருக்கும். நீர்ப்பரப்பு பெரிது, மாலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று (மேற்குக் காற்று) அலை எழுப்பி ஆக்சிஜனைக் கலக்கிக் கொடுக்கும். ஆகவே மடுவைவிட இது எவ்வளவோ மேல். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் இங்கே கிடைத்தாலும், இந்தப் பருவத்தில் இங்கே நான் தேடச் சொல்வது ஜிலேபியைத்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன், முட்டையைப் பெண்மீனின் வாயிலேயே வைத்துப் பொரித்து, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பெருகி, நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்தால் ஆற்றுக்கு நட்டமில்லை. கரையோர ஆழமற்ற மணலில் அகன்ற கிண்ணம் போன்ற வட்டக் குழிகள் வரிசையாகத் தெரிந்தால், அவை ஆண் ஜிலேபி வாயால் மணலைக் கவ்விக் கவ்வித் துப்பித் தோண்டியவை. அவ்விடத்திலிருந்து சற்று ஆழம் தொடங்கும் விளிம்பில் தக்கையை நிறுத்தினால் வெகுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே இரண்டு குறைகள் உள்ளன. மின் உற்பத்திக்கு ஏற்ப நீர்மட்டம் ஏறி இறங்குவதால், காலையில் இரை எடுத்த கரை மதியத்துக்குள் வெறிச்சோடிவிடலாம். கதவணைக்கு உடனடியாகக் கீழே நிற்பது எந்த நேரத்திலும் ஆபத்து. மேலும், குமாரபாளையம், பள்ளிபாளையம் தொட்டுச் சாயக்கழிவு கலக்கும் பகுதியில் பிடித்த மீனைச் சமைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்கு மேலேயே நின்றுகொள்வது நல்லது.

என் முதல் தேர்வு தாமிரபரணி. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரையிலான அதன் ஓட்டம் கோடையிலும் முழுக்க அறுவதில்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து குடிநீருக்கு விடும் நீரும், அணையில் இருப்பு இருந்தால் ஜூன் தொடக்கத்தில் கார் பருவ நெல் சாகுபடிக்கு விடும் நீரும் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. பாபநாசம் அணையைச் சுற்றிய மலைப்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருவதாலும், பாபநாசம் கோயில் படித்துறை மீன்கள் பக்தர்கள் பொரி போட்டு வளர்ப்பவை என்பதாலும், அவ்விரண்டையும் விட்டுவிட வேண்டும். அதற்குக் கீழே கன்னடியன், அரியநாயகிபுரம், சுத்தமல்லி அணைக்கட்டுகளின் அடிப்பகுதிதான் இந்த மாதத்துக்கு உரிய இடம். நெல்லை மாநகரைத் தாண்டியதும் கழிவுநீர் கலப்பதால், சுத்தமல்லியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அணைக்கட்டின் மேல் வழிந்து கற்களில் மோதி விழும் நீர், காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இறங்குகிறது. வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும், அந்த இடத்தில் மீனுக்கு மூச்சுத் திணறல் இல்லை. ஆகவே இரை எடுக்கும் நேரமும் நீள்கிறது. எனினும் நுரை பொங்கும் இடத்திலேயே தூண்டிலைப் போடுவது வீண். நீர் விழுந்து, புரண்டு, நுரை ஒடுங்கத் தொடங்கும் இடத்திலிருந்து வேகநீரும் அமைதிநீரும் உரசிக்கொண்டு ஒரு கோடு போலக் கீழே நீளும். மீன் அமைதிநீரில் நின்றுகொண்டு, வேகநீர் அடித்துவரும் இரையை எட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பும். தக்கையை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே விட்டு, தூண்டில் நரம்பைத் தளர்த்திக் கொடுத்து, நீரின் வேகத்திலேயே போக விட வேண்டும். நரம்பு வளைந்து தக்கையை இழுக்கத் தொடங்கினால் இரை தானாக நீந்துவது போலத் தோன்றி, கெண்டை விலகிவிடும். தக்கை சட்டென்று நிற்பதும் பக்கவாட்டில் ஓரடி நகர்வதும்கூடக் கடிதான். முழுக்க மூழ்கும்வரை காத்திருப்பவர் பாதி மீனைத் தவறவிடுவார்.

நீர்மருது நிழல் விழும் கரையும், அத்தி நிற்கும் கரையும் தாமிரபரணிக்கே உரிய கூடுதல் வாய்ப்பு. பழுத்த அத்திப்பழம் சொட்டுச் சொட்டென்று விழும் இடத்தின் கீழே கெண்டைகள் கூடியிருக்கும். நடமாட்டத்தைக் குறைத்து, நிழல் நீரில் படாமல் உட்கார்ந்தால் வெயில் ஏறிய பிறகும் அங்கே பிடிக்கலாம். இருட்டிய பிறகு கற்களின் இடுக்கில் ஆரலும் விலாங்கும் வெளிவரும்.

மசீர் என்னும் பெருங்கெண்டையைப் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. மேட்டூருக்கு மேலே காவிரியிலும் அதன் துணையாறுகள் சிலவற்றிலும் மட்டுமே வாழும் திமில் மசீர், உலகிலிருந்தே மறையும் தறுவாயில் உள்ள இனமாக 2018-இல் பட்டியலிடப்பட்டது. அதன் வாழிடத்தில் ஒரு பகுதி 2022-இல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த நீரை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

இரையைப் பொறுத்தவரை மண்புழுவுக்கும் மாவுக்கும் இடையேதான் போட்டி. கதவணைத் தேக்கத்தில் மாவு முந்தும்: கோதுமை மாவில் கடலைப் பிண்ணாக்கைச் சேர்த்துப் பிசைந்து, கடலைப் பருப்பு அளவு உருண்டையாக்கினால் ஜிலேபியும் ரோகும் தேடி வரும். ஓடுநீரில் அதே உருண்டை சீக்கிரம் கரைந்துவிடும். சிறிது பஞ்சைப் பிய்த்துப் பிசைந்தால் நிற்கும் என்றாலும், மண்புழுவே நம்பிக்கையானது. நீர் கலங்கியிருந்தால் மண்புழுவைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். விராலுக்கு உயிருள்ள தவளையைக் குத்திப் போடும் பழக்கத்தை விட்டு, ரப்பர் தவளைக்கு மாறலாம். பாசிப் பரப்பின் மேல் இழுத்து வருவதற்கு அதுவே வசதி.

கருவியில் ஒரு வேறுபாடு முக்கியம். குளிர்காலத்தில் மெல்லிய நரம்பில் மீனை நெடுநேரம் ஓடவிட்டுக் களைப்பாக்குவது அழகு எனலாம். சூடான நீரில் அப்படிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். ஆகவே கெண்டைக்கு 0.25 மில்லிமீட்டர், விராலுக்கு 0.35 மில்லிமீட்டர் அளவில் சற்றுத் தடித்த நரம்பைக் கட்டிச் சீக்கிரம் கரை சேர்ப்பதே சரி. தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால், வயிறு பருத்த சினை மீனை நனைந்த கையால், நீருக்குள்ளேயே பிடித்துக் கழற்றிவிட முடியும். கெளுத்தியின் துடுப்பு முள்ளும் தேளியின் முள்ளும் குத்தினால் கடுமையாக வலிக்கும்; அவற்றைத் துணியால் பிடிக்க வேண்டும்.

நேரக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். தாமிரபரணியில் விடியலிலிருந்து எட்டரை மணி வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும் போடலாம். கதவணையில் சூரியன் ஏறிப் பாசி வேலை செய்யத் தொடங்கிய பிறகான இரண்டு மணி நேரமும், மேல்காற்று வீசும் மாலையும் நல்லவை. காற்று கரையை நோக்கி அடிக்கும் பக்கத்தில் நின்றால் வீசுவது சிரமம், மீன் வருவதோ அங்கேதான். எங்கேயானாலும் அந்தப் பகுதி குத்தகையில் உள்ளதா, உரிமம் தேவையா என்று உள்ளூர் மீனவர்களிடமோ மீன்வளத் துறையிடமோ முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வரிசை மாறக்கூடிய ஒரு சூழ்நிலை உண்டு. 2022-இல் மேட்டூர் அணை ஏறத்தாழ நிரம்பியிருந்ததால் மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. மூன்று நாளில் நீர் கல்லணைக்கு வந்து சேர்ந்தது. அப்படி முன்கூட்டியே திறக்கும் ஆண்டில், நீர் வந்த முதல் இரண்டு நாள் கலங்கலும் குப்பையுமாக இருக்கும். அதன் பிறகு முக்கொம்புக்கு மேலே காவிரிக் கரையோரத்தில் மண்புழுவுக்குக் கெளுத்தி நன்றாக எடுக்கும். அதேபோல் பொதிகையில் சாரல் வலுத்து தாமிரபரணி செந்நிறமாகத் திரும்பினால், நுரைக்குக் கீழே நீளும் அந்தக் கோட்டின் ஓரத்தை விட்டுவிட்டு, வாய்க்கால் பிரியும் முகத்தில் நீர் சுழன்று தேங்கும் ஓரத்துக்கு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அணையிலிருந்து கூடுதல் நீர் விடுவதாக அறிவிப்பு வந்தால், அன்றைக்கு ஆற்றுக்குள் இறங்கக் கூடாது.